பேச முடியாதவர் பாடுவது எப்படி? அஃபேசியாவில் இசையும் மொழியும்

கேள்வி: பக்கவாதம் வந்த பிறகு என் தந்தைக்கு எதையும் சொல்லிக் கேட்க வாய் வருவதில்லை. ஆனால் யாராவது பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் சொற்களோடு பாடிவிடுகிறார். அப்படியென்றால் பேச்சு உள்ளே அப்படியே இருக்கிறது என்று கொள்ளலாமா? பாட வைத்தே அவரைப் பேச வைக்க முடியுமா? மூளையில் இசைக்கும் மொழிக்கும் இடம் ஒன்றா, வேறா?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது. நீங்கள் கண்டது உண்மை. 270 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கும் உண்மையும் கூட. ஆனால் பாட்டோடு வருகிற சொல்லும், தாகம் எடுக்கும்போது 'தண்ணீர்' என்று கேட்கத் தேவைப்படுகிற சொல்லும் மூளையில் ஒரே வழியாக வருவதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாட்டைச் சிகிச்சைக்கு எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பது தெளிவாகும்.

அஃபேசியா என்பது மூளையில் ஏற்படும் சேதத்தால், பெரும்பாலும் பக்கவாதத்தால், மொழித்திறன் குலைவது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. நாக்கும் உதடும் செயலிழப்பது வேறு, அறிவு மங்குவது வேறு. அஃபேசியா இரண்டும் அல்ல. வலக்கைப் பழக்கம் உடையவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழிக்கான பகுதிகள் மூளையின் இடது பாதியில் அமைந்திருப்பதால், இடது பக்க இரத்தக்குழாய் அடைபடும்போது வலது கையும் காலும் விழுவதோடு பேச்சும் போகிறது. பாரிஸில் 1861-இல் பால் புரோகா விவரித்த லெபோர்ன் என்ற நோயாளி 'டான்' என்ற ஓசையைத் தவிர ஏறக்குறைய எதையும் சொல்ல இயலாதவராக இருந்தார். அவர் இறந்தபின் மூளையின் இடது முன்மடலில் சேதம் காணப்பட்டது. அந்த இடத்தைப் புரோகா பகுதி என்றும், இந்த வகையைப் புரோகா அஃபேசியா என்றும் சொல்கிறார்கள். 1874-இல் கார்ல் வெர்னிக்கே மற்றொரு வகையை விளக்கினார்: பேச்சு தடையின்றி ஓடும், ஆனால் சொற்கள் பொருளற்றுக் குழம்பும், பிறர் சொல்வதும் சரியாக விளங்காது. உங்கள் தந்தைக்கு இருப்பது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதல் வகைக்கு நெருக்கமானது. இனி நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த வகைக்கே பொருந்தும்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் 1745-இல் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார். கடும் நோயால் வலது பக்கம் செயலிழந்து பேச்சை முற்றிலும் இழந்திருந்த அவர், நோய்க்கு முன்பு கற்றிருந்த தேவாலயப் பாடல்களை, யாராவது தொடங்கிக் கொடுத்தால், சொற்கள் தெளிவாக விளங்கும்படி பாடினார். நீங்கள் வீட்டில் காண்பதும் இதுவே. எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்ற சிறு விவரம் உட்பட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் இதற்கு அடிப்படையான ஒரு விளக்கம் தந்தார். ஒரு கருத்தைச் சொல்வதற்காக அந்த நொடியில் நாமே சொற்களைத் தேர்ந்து கோத்துப் பேசுவது ஒரு வகை. பழக்கத்தால் தானே வந்து விழும் பேச்சு மற்றொரு வகை. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, ஞாயிறு திங்கள் என்று கிழமைகளைச் சொல்வது, பள்ளியில் கற்ற வாய்ப்பாடு, வலியில் வரும் 'ஐயோ', எழுந்திருக்கும்போது வாயில் வரும் 'முருகா', கோபத்தில் வரும் வசவு ஆகியவை எல்லாம் இரண்டாம் வகை. முதல் வகைப் பேச்சை அஃபேசியா பறித்த பிறகும் இரண்டாம் வகை எஞ்சியிருப்பது மிகச் சாதாரணம். சிறுவயதில் மனப்பாடம் செய்த தேவாரப் பதிகமும் திரைப்பாட்டும் இந்த இரண்டாம் வகையில்தான் சேரும்.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தந்தை பாடும் பாட்டின் முதல் வரியில் 'நிலா' என்ற சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடும்போது அந்தச் சொல் பிசிறில்லாமல் வரும். அன்றிரவே முற்றத்தில் நிலவைக் காட்டி 'அது என்ன?' என்று கேட்டால் பெரும்பாலும் வராது. பாட்டை நடுவரியிலிருந்து தொடங்கச் சொன்னாலும் அவர் திணறக்கூடும். சொற்கள் அங்கே ஒரு சங்கிலியின் கண்ணிகளாக இருக்கின்றன. முந்தைய கண்ணி இழுக்க அடுத்தது வருகிறது. தனியே கழற்றி எடுக்க முடிவதில்லை. ஆகவே பாடுவதைப் பார்த்து 'மனசு வைத்தால் பேசலாம், இவர்தான் முயற்சி செய்வதில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல குடும்பங்களில் இந்தத் தவறான முடிவு நோயாளியை மிகவும் புண்படுத்துகிறது. பதில் சொல்ல வாயில்லாமல் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் பாட்டு எஞ்சுவதும் இல்லை. ஜப்பானில் யமதோரியும் அவரது குழுவினரும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், புரோகா வகை அஃபேசியா உள்ள 24 பேரில் 21 பேர் மெட்டை நன்றாகப் பாடினார்கள். ஆனால் சொற்களையும் சரியாகச் சேர்த்துப் பாடியவர்கள் 12 பேர் மட்டுமே. மெட்டும் சொல்லும் பாட்டுக்குள்ளேயே பிரிந்து நிற்கக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மூளை அறுவைக்கு முன் ஒரு பாதியைச் சில நிமிடங்களுக்கு மருந்தால் உறங்கவைக்கும் சோதனையிலும் இதுபோன்ற பிரிவு தெரிந்தது. போகனும் கோர்டனும் 1970-களின் தொடக்கத்தில் வலது பாதியை உறங்கவைத்தபோது பேச்சு குழறினாலும் நின்றுவிடவில்லை, பாட்டுதான் சுருதி இழந்து ஒரே ஓசையாகிப்போனது. இடது பாதியை உறங்கவைத்தபோது பாட்டைவிடப் பேச்சே அதிகம் பாதிக்கப்பட்டது.

இனி, இசைக்கும் மொழிக்கும் இடம் ஒன்றா என்ற கேள்வி. இங்கே இரண்டு இசையமைப்பாளர்களின் வாழ்க்கை நமக்கு நிறையச் சொல்கிறது.

விஸ்ஸாரியோன் ஷெபாலின் 1902-இல் பிறந்த ரஷ்ய இசையமைப்பாளர். 1942 முதல் 1948 வரை மாஸ்கோ இசைக்கல்லூரியின் இயக்குநர். 1953-இல் முதல் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து மீண்டவரை 1959-இல் வந்த இரண்டாவது பக்கவாதம் கடுமையான அஃபேசியாவில் தள்ளியது. பேசுவது மட்டுமன்றிப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கடினமாயிற்று. ஆனால் அவர் இசையமைப்பதை நிறுத்தவில்லை. மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்ததைக் கேட்டுத் திருத்தினார். 1963-இல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு தம் ஐந்தாவது சிம்ஃபனியை முடித்தார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச் அதை மனந்திறந்து பாராட்டினார். ஷெபாலினைப் பரிசோதித்த நரம்பு உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா தம் சகாக்களுடன் 1965-இல் இந்த நிகழ்வை வெளியிட்டார். ஒரு வாக்கியத்தைக் கோக்க இயலாத மூளை ஒரு சிம்ஃபனியைக் கோத்தது என்பதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் வியந்து போகிறேன்.

பிரான்ஸின் மோரிஸ் ராவெலுக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. பக்கவாதம் போல ஒரே நாளில் வராமல், 1930-களின் தொடக்கத்திலிருந்து மெல்ல மெல்ல அவருடைய பேச்சும் எழுத்தும் கைத்திறனும் தேய்ந்தன. 1937-இல் மூளை அறுவைக்குப் பின் இறந்தார். அவரைப் பரிசோதித்த நரம்பியல் மருத்துவர் அலஜுவானின் 1948-இல் எழுதிய கட்டுரையின்படி, பிறர் வாசிக்கும் இசையில் சிறு பிழை இருந்தாலும் ராவெல் கண்டுபிடித்தார். தம் படைப்புகளை அடையாளம் கண்டார். இசையை ரசிக்கும் ஆற்றல் குறையவில்லை. ஆனால் மனதுக்குள் ஒலித்த இசையை அவரால் தாளில் எழுதவோ பியானோவில் வாசிக்கவோ முடியவில்லை. அவருக்கு இருந்த நோய் எது என்று இன்றும் மருத்துவர்கள் விவாதிக்கிறார்கள். இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, 'இசைத்திறன்' என்று ஒரே சொல்லால் நாம் அழைப்பது கேட்டல், நினைவு, படைத்தல், எழுதுதல், விரல்களின் பயிற்சி என்று பல திறன்களின் தொகுப்பு என்பது விளங்குகிறது. மொழியும் அவ்வாறே. இவற்றில் எது எதோடு சேர்ந்து பாதிக்கப்படும் என்பது சேதம் எங்கே, எந்த அளவுக்கு என்பதைப் பொறுத்தது.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. மொழி சிறிதும் குறையாமல் இசை மட்டும் போனவர்களை கனடாவின் மொன்றியாலில் ஆய்வாளர் இசபெல் பெரெட்ஸ் விவரித்திருக்கிறார். மூளையில் காதை ஒட்டிய இருபுறப் பொட்டுமடல்களும் சேதமடைந்த இருவர் நன்றாகப் பேசினார்கள், பாட்டின் வரிகளை வாசித்துக் காட்டினால் இன்ன பாட்டு என்று சொன்னார்கள். அதே பாட்டின் மெட்டை மட்டும் வாசித்தால் அவர்களுக்கு அது தெரியாத இசையாக இருந்தது. இசை போய் மொழி நிற்பதும், மொழி போய் இசை நிற்பதும் ஆகிய இரண்டும் நிகழ்வதால், இரண்டும் முழுக்க முழுக்க ஒரே உறுப்பின் வேலை என்ற கருத்து நிற்காது.

ஆனாலும் வாதம் அங்கே முடிந்துவிடவில்லை. வாக்கியத்தில் ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரலாம் என்று ஓர் ஒழுங்கு இருப்பது போல, இசையிலும் எந்தச் சுரத்துக்குப் பின் எது வரலாம் என்று ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. ஒரு ராகத்தில் அன்னிய சுரம் விழுந்தால், இலக்கணம் படிக்காத ரசிகரும் முகம் சுளிப்பது இந்த எதிர்பார்ப்பால்தான். ஜெர்மனியின் லைப்சிக்கில் மேஸ், கோல்ஷ் ஆகியோர் 2001-இல், இசையில் இப்படிப்பட்ட பிழை விழும்போது புரோகா பகுதியும் அதன் வலப்பக்க இணையும் செயல்படுவதைக் காட்டினார்கள். அனிருத் படேலின் குழு 2008-இல், வாக்கிய இலக்கணம் குலைந்த புரோகா அஃபேசியா நோயாளிகளுக்கு மேற்கத்திய இசையின் சுரக்கட்டுகளில் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) விழும் பிழையைக் கண்டுகொள்வதும் கடினமாக இருந்தது என்று அறிவித்தது. மொழியறிவும் இசையறிவும் தனித்தனியே சேமிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் கிடைத்தவற்றை நொடிக்கு நொடி ஒழுங்காகக் கோக்கும் வேலைக்கு இரண்டும் ஒரே வளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது படேலின் கருத்து.

பின்னால் வந்த ஆய்வுகள் இந்தக் கருத்தைக் கடுமையாகச் சோதித்தன. ஸ்லெவ்க், ஃபரோகி-ஷா முதலானோர் 2016-இல் விவரித்த ஒருவருக்கு, புரோகா பகுதியை உள்ளடக்கிய சேதத்தால் வாக்கிய இலக்கணம் போயிருந்தும், இசை ஒழுங்கை உணரும் திறன் போகவில்லை. எவலினா ஃபெடோரென்கோவின் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மொழிக்கென்று செயல்படும் பகுதிகள் இசையைக் கேட்கும்போது அதே போல விழித்தெழவில்லை. வாக்கியம் சரியா தவறா என்று சொல்ல இயலாத கடும் அஃபேசியா நோயாளிகள், மெட்டு ஒழுங்காக இருக்கிறதா என்பதை நன்றாகவே சொன்னார்கள். என் கணிப்பில் இன்றைய சான்றுகளின் எடை, குறைந்தபட்சம் இசையைக் கேட்டு உணர்வதில், இரண்டும் தனித்தனி என்ற பக்கமே சாய்கிறது. புரோகா பகுதி என்று நாம் சொல்லும் சிறு இடத்துக்குள்ளேயே மொழிக்கு மட்டும் உழைக்கும் இழைகளும், கவனம், நினைவு என்று எந்தக் கடினமான வேலைக்கும் உழைக்கும் இழைகளும் அருகருகே இருக்கின்றன. பக்கவாதத்தின் சேதம் இந்த எல்லைகளைப் பார்த்து நிற்பதில்லை. ஒரு குழுவின் சராசரியில் இசையும் மொழியும் சேர்ந்து குறைந்திருப்பதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்களுக்கு மிக முக்கியமானது பாட வைத்துப் பேச வைக்கலாமா என்பதுதான். இதற்கென்றே ஒரு சிகிச்சைமுறை இருக்கிறது. பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் 1973-இல் அறிவித்த இதை மெட்டுவழிப் பேச்சுச் சிகிச்சை என்று சொல்லலாம். இதில் யாரும் பாட்டுப் பாடுவதில்லை. நோயாளிக்கு அன்றாடம் தேவைப்படும் சிறு தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலிக்கும் இரண்டே சுரங்களில் மெதுவாக இழுத்துச் சொல்கிறார்கள். அந்த இரண்டு சுரங்களுக்கும் உள்ள இடைவெளி, நம் கர்நாடக இசைக் கணக்கில் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ளது போன்றது. ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையை மெல்லத் தட்டுகிறார்கள். முதலில் சிகிச்சையாளர் சொல்வார். அடுத்து இருவரும் சேர்ந்து சொல்வார்கள். சிகிச்சையாளர் குரலைப் படிப்படியாகக் குறைத்து விலகுவார். பின்பு அந்தத் தொடரையே விடையாகக் கொண்ட கேள்வியைக் கேட்பார். கடைசியில் மெட்டைக் கரைத்து இயல்பான பேச்சின் ஓசைக்குக் கொண்டுவருவார். பிறர் பேச்சு ஓரளவு நன்றாகப் புரிகிற, ஆனால் பேச்சு தடைப்பட்ட, இடது பாதியில் மட்டும் சேதமுள்ள நோயாளிகளுக்கே இது உரியது. வெர்னிக்கே வகையினருக்கு இதனால் பயன் எதிர்பார்க்க முடியாது. 2011-இல் அரிசோனாவில் தலையில் சுடப்பட்டுப் பேச்சிழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸின் சிகிச்சையில் இசைக்கும் பங்கிருந்தது வெளியே தெரிந்தபின், இந்த வகை முறைகளைப் பற்றிப் பொதுமக்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த முறையை உருவாக்கியவர்கள், சேதமடையாத வலது பாதி மெட்டின் வழியாக மொழி வேலையை ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்தார்கள். ஷ்லாக்கின் குழு 2009-இல், எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட அமர்வுகளுக்குப் பின் ஆறு நோயாளிகளின் வலது பாதியில் ஒரு நரம்பிழைக் கற்றை தடித்திருப்பதைக் காட்டியது இந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் பெலினும் சகாக்களும் 1996-இல் ஏழு நோயாளிகளை ஆராய்ந்து கண்டது வேறு: மெட்டோடு சொற்களைத் திருப்பிச் சொன்னபோது மீண்டும் உயிர்பெற்றது இடது பக்கப் புரோகா பகுதியே.

மெட்டுதான் உதவுகிறதா என்பதையே கேள்விக்குள்ளாக்கியவர் ஜெர்மனியின் பெஞ்சமின் ஷ்டால். 2011-இல் அவரது குழு 17 நோயாளிகளைக் கொண்டு, மெட்டோடு பாடுவதையும் மெட்டில்லாமல் தாளத்தோடு மட்டும் சொல்வதையும் ஒப்பிட்டது. சொற்கள் சரியாக வருவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தாளம் உதவியது, மிகவும் பழகிய, வாய்ப்பாடாகிவிட்ட தொடர்கள் எளிதாக வந்தன. 2013-இல் 15 பேரைக் கொண்டு நடத்திய தொடர் ஆய்வில் இன்னும் பயனுள்ள ஒன்று தெரிந்தது: பாட்டு வழியும் தாள வழியும் 'எப்படி இருக்கிறீர்கள்' போன்ற பழகிய தொடர்களை மீட்டன, வழக்கமான பேச்சுச் சிகிச்சை, புதிதாகக் கோக்க வேண்டிய தொடர்களை மேம்படுத்தியது. இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் ஒன்றை விட்டு மற்றொன்று என்று பாராமல் இரண்டையும் ஏன் தர வேண்டும் என்பதற்கு இது காரணம் காட்டுகிறது. சேர்ந்து பாடுவதற்குத் தனிச் சிறப்பு இருப்பதையும் மறந்துவிடக்கூடாது. ரசெத், பார்ட், பெரெட்ஸ் ஆகியோர் 2006-இல் எட்டுப் பேரிடம் பார்த்தபோது, தனியே பாடுவது தனியே பேசுவதைவிட மேலாக இல்லை. ஆனால் ஒரு குரலோடு சேர்ந்து பாடுவது, சேர்ந்து பேசுவதைவிட அதிகச் சொற்களைக் கொண்டுவந்தது.

பயன் எவ்வளவு என்றால், நெதர்லாந்தில் வான் டெர் மியூலன் நடத்திய இரண்டு ஆய்வுகள் நிதானமான விடை தருகின்றன. பக்கவாதம் வந்த சில மாதங்களுக்குள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர்களிடம் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஓராண்டுக்கும் மேலானவர்களிடம் பயிற்சி தந்த தொடர்களில் மட்டும் முன்னேற்றம் தெரிந்து, அதுவும் சில வாரங்களில் தேய்ந்தது. ஆகவே காலம் தாழ்த்தாமல் பேச்சு சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சியைப் பற்றி, தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இந்த முறை ஆங்கிலத்துக்காக உருவானது. அதில் அழுத்தம் விழும் அசையை உயர்ந்த சுரத்திலும் மற்றவற்றைத் தாழ்ந்த சுரத்திலும் வைத்து, எல்லாவற்றையும் நீட்டிச் சொல்கிறார்கள். தமிழில் அசைகளுக்கு ஆங்கிலம் போன்ற அழுத்தம் இல்லை. மாறாக, உயிரின் நீளம் பொருளையே மாற்றுகிறது. எல்லா அசையையும் ஒரே அளவுக்கு இழுத்தால் 'பல் வலிக்குது' என்பதும் 'பால்' என்பதும் குழம்பும், 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நம் இலக்கணம் வகுத்து, ஒரு மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் என்று அளந்து வைத்திருக்கிறது. எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் இந்த ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் குலையாமல், குறிலுக்கு ஒரு தட்டும் நெடிலுக்கு இரண்டு தட்டுமாகத் தட்டுவதே தமிழுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. உங்கள் சிகிச்சையாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தொடர்களை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே தேர்ந்தெடுங்கள். 'எனக்கு நீர் வேண்டும்' என்று அவர் வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டார். 'தண்ணி வேணும்', 'போதும்மா', 'ஃபேன் போடு', 'காபி ஆறிடுச்சு' என்று சொல்லியிருப்பார். ஒரு நேரத்தில் ஐந்தாறு தொடர்களுக்கு மேல் வேண்டாம். எதிரில் உட்கார்ந்து, உங்கள் உதடு அவருக்குத் தெரியும்படி வைத்து, அவரது இடது கையைத் தட்டிச் சேர்ந்து சொல்லுங்கள். தண்ணீர்க் குவளை கையில் இருக்கும்போது 'தண்ணி வேணும்' என்பதைப் பழக்குங்கள். பயிற்சிக்கும் தேவைக்கும் இடையே நேரம் போனால் தொடர் மறுபடியும் சங்கிலியின் கண்ணியாகிவிடும். தவறாக வந்த சொல்லைத் திருத்திக்கொண்டே இருக்காமல், சரியான வடிவத்தை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

பழைய பாட்டுகளை நிறுத்தவும் வேண்டாம். ஹெல்சிங்கியில் சர்காமோ 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் இரண்டு மாதம் நாள்தோறும் தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்குச் சொல்நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. அதே நகரத்தில் 2023-இல் வெளியான மற்றொரு ஆய்வு, நாள்பட்ட அஃபேசியா உள்ள 54 பேரை அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரோடு சேர்த்து நான்கு மாதம் குழுவாகப் பாடவைத்தது. நோயாளிகளின் அன்றாடத் தொடர்பாடல் மேம்பட்டது, பராமரிப்பவர்களின் சுமையும் குறைந்தது. உங்கள் தந்தைக்குப் பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், கடைசி வரி வரை கூடவே பாடுங்கள். நடுவில் ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நீங்கள் மட்டும் நிறுத்திப் பாருங்கள். அந்தச் சொல்லை அவர் தனிக்குரலில் முடித்தால், மறுநாள் இரண்டு சொற்கள் முன்பாகவே நிறுத்துங்கள்.